மூன்றாம் பிரதி

கஸ்தூரியார் வீதிப் பூக்கடையில்
கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கின்றன றோசாக்கள்.
நுவரெலியாவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவை,
கழுத்துவரை சிங்களப் பேப்பர் சுற்றி.

"ஆருக்கு அன்ரி?" என்கிறான் கஜீபன்.
"வருத்தக்காரிக்கு."
நிமிர்ந்து பார்க்கிறான்.
இந்த ஊரில் வருத்தம் பார்க்கப் போகிறவர்
நெஸ்டமோல்ட் வாங்குவார்,
நாலு அப்பிள், இரண்டு செவ்விளநீர்.
பூவென்றால் சாமிக்கு,
இல்லாவிட்டால் பெட்டிக்கு மேல்.

"சிவப்பு எடுங்கோ, வாடாது."
சிவப்பு வேண்டாம்.
சங்கத்துப் பேரேட்டில் சிவப்புப் பேனை
என் கையில்தான் இருந்தது.
பிலோமினாவின் பெயருக்குக் கீழே
அடிமட்டம் வைத்து ஒரு கோடு.
நாலாயிரத்து இருநூறு ரூபாய்.

பத்தொன்பது வருசம் ஒரே மேசை.
என் புட்டில் பாதி அவளுக்கு.
வெள்ளிக்கிழமைகளில்
தன் மீன்குழம்பின் மூடியைத் திறக்கவே மாட்டாள்,
என் விரதத்துக்காக.
கோடு போட்ட அடுத்த திங்கள்
தனக்கொரு மேசை கேட்டு
யன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.
சீமெந்தில் அந்தக் கீறல் இன்னும் இருக்கும்.

"அப்ப வெள்ளை?"
வெள்ளை முதற்பிரதி, காசு கட்டினவருக்கு.
அதோடு அவள் குருநகர்க்காரி.
வெள்ளை றோசா மாதாவுக்கும் வைப்பினம்,
சவத்துக்கும் வைப்பினம்.
தலைமாட்டில் கண்டால்
"நாள் குறிச்சிட்டியோ?" என்பாள்.
கேட்கக்கூடியவள்.

மஞ்சள்தான் வாளி நிறைய,
பத்து வீதக் கழிவும் உண்டாம்.
கண், நகம், உள்ளங்கை எல்லாம்
செங்கமாரியில் மஞ்சளாகக் கிடக்கிறவளுக்கு
மஞ்சளை எப்படி அனுப்ப?
ஈரலாம். வேறு என்னவோவுமாம்,
அதைச் சொல்கையில் எல்லாரும் குரலைத் தாழ்த்துகிறார்கள்.

மூலையில் ஆறு, றோஸ் நிறம்,
ஓரம் கொஞ்சம் கருகி.
"அது நேற்றையது அன்ரி, விடுங்கோ."

றோஸ், மூன்றாம் பிரதி.
கோப்பில் இருக்க வேண்டிய தாள்.
காபன் இரண்டு தாண்டி வருவதால்
எழுத்துப் புகைபோல விழும்.
அவள் மேசையை இழுத்து
இரண்டு மாதம் கழித்து
என் லாச்சியில், லீவுப் படிவங்களுக்கு நடுவில்
அதைக் கண்டெடுத்தேன்.
நாலாயிரத்து இருநூறு.
அவள் கையெழுத்து.
பக்கத்தில் என்னுடையதும்.

அன்றைக்கே சொல்ல நினைத்தேன்.
அன்றைக்கு மழை.
பிறகு கணக்காய்வாளர் வந்து போனார்.
பிறகு அவளே
சம்பளத்தில் கழிக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தாள்,
ஒரு எழுத்துப்பிழை இல்லாமல்.
பிறகு மூன்று வருசம்.

"இதையே கட்டு."
"அட்டையில என்ன எழுத?"
"ஒன்றும் வேண்டாம்."
கைப்பையின் உள்ளறையில்
நாலாய் மடிந்து கிடந்ததை எடுத்துத்
தண்டுகளுக்கிடையில் செருகினேன்.
விரலில் முள் குத்தியது, பரவாயில்லை.
ஆட்டோக்காரரிடம் கொடுத்து
பெரியாஸ்பத்திரி, பதினேழாம் வார்ட் என்றேன்.
நான் ஏறவில்லை.

அரைமணியில் அவர் திரும்பிவந்து சொன்னார்:
வார்ட்டுக்குள்ள பூ விடமாட்டினமாம்.
மிஸ்ஸியம்மா தண்ணிப்போத்தலை வெட்டித்
தன்ர மேசையில வைச்சிட்டா.
உள்ளுக்கிருந்த துண்டை மட்டும்
கட்டிலுக்குக் கொண்டுபோய்க் குடுத்தவ.

அப்படியென்றால்
இவ்வளவு நேரம் நான் பார்த்துப் பார்த்து எடுத்த நிறத்தை
அவள் காணவே இல்லை.
கண்டது அந்த நிறத்தைத்தான்.

இரவு எட்டரைக்கு
அவள் மகளின் நம்பர்.
எடுத்தேன். மூச்சுச் சத்தம் கொஞ்ச நேரம்.
ஆரோ செருப்பை இழுத்து நடந்து போகிறார்கள்.
"பூ எவ்வளவு?"
மூன்று வருசத்தில் முதற் சொல்.
"ஆயிரத்து எண்ணூறு."
"பழைய பூவுக்கோ? மிஸ்ஸி சொன்னவ, ஓரம் கருகினதாம்.
பில் வாங்கினியே?"
வாங்கவில்லை.
"உனக்கு ஒரு துண்டைக் கவனமா வைக்கத் தெரியாது.
நாளைக்கு வாங்கிக்கொண்டு வா."
இருமினாள், நீளமாக.
"பூவை இல்லை. பில்லை."